“டிக்கெட் எங்கே?” ஒரு கேள்வி... எத்தனை தகராறு!

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓடும் ரெயில்களில் யார் பேச்சு செல்லும்? டி.டி.ஆர். பேச்சா, பயணி பேச்சா?

ஜோலார்பேட்டை-

ராத்திரி நேரம். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ரெயில் வந்து நிற்கிறது. நிற்பதோ இரண்டே நிமிடம்.

மலையில் இருந்து பஸ் பிடித்து இறங்கி வந்த ஒரு கிழவி. கூட மருமகள். மருமகள் இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை. ஆம்பிளை துணை இல்லை. புருஷன்காரன் கேரளாவில் வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. அவனிடம்தான் போகிறார்கள்.

எதிரில் எந்தப் பெட்டி நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்கிறார்கள். அது ஸ்லீப்பர் பெட்டி!

வண்டி நகர்கிறது. கறுப்புக் கோட்டு வருகிறது.

“டிக்கெட் எங்கே?”

“இதோ சாமி.”

“இது ஜெனரல் டிக்கெட்டு. இதுல ஏன் ஏறின? அடுத்த ஸ்டேஷன்ல எறங்கு!”

“ராத்திரியில எங்க சாமி எறங்கறது? எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது...”

பக்கத்து சீட்டுக்காரர் குறுக்கே விழுகிறார். “ஏன் சார், பொம்பளைங்களப் பாத்து இப்படியா கத்தறது?”

“உன் வேலையைப் பாருய்யா!”

தகராறு ஆரம்பம்!

இது எந்த ஒரு ரெயிலின் கதையும் அல்ல. ராத்திரி வண்டியில் போய் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான். ஆனால் இதே கேள்வியில் தொடங்கிய வாய்ச்சண்டை, சில இடங்களில் கைகலப்பு ஆகியிருக்கிறது. கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு தடவை சுடுகாடு வரைக்கும் போயிருக்கிறது.

மலையில் ரெயில் இல்லை

ஜவ்வாது மலைமேல் தண்டவாளம் கிடையாது. ரெயிலைப் பார்க்க வேண்டும் என்றால் மலைவாசிகள் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும்.

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கத்துக்காரர்களுக்குத் திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் வாசல். ஜமுனாமரத்தூர் பக்கத்துக்காரர்கள் போளூருக்கு இறங்கினால், காட்பாடி-விழுப்புரம் பாதையில் ரெயில் ஏறலாம்.

மலையில் சாமை உண்டு. புளி உண்டு. தேனும் பலாவும் உண்டு. வருஷம் முழுக்க வேலை இல்லை. அதனால் கர்நாடகா, கேரளா என்று கூலி வேலை தேடிப் போகிறவர்கள் நிறைய.

அவர்கள் வந்து சேரும் ஜோலார்பேட்டை சாதாரண ஸ்டேஷன் அல்ல. 1864-ம் ஆண்டிலேயே இங்கிருந்து பெங்களூருக்குப் பாதை பிரிந்துவிட்டது. சென்னை, பெங்களூர், சேலம் என்று மூன்று திக்கிலும் போகிற வண்டிகள் இந்த ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன.

மூன்று திக்கு ஜனங்கள் கூடுகிற இடத்தில் தகராறுக்கா பஞ்சம்?

ஓடும் ரெயிலில் இருந்து தள்ளினார்!

கேரளாவையே உலுக்கிய ஒரு சம்பவம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

2024 ஏப்ரல் 2-ந் தேதி. மாலை நேரம். எர்ணாகுளத்தில் இருந்து பாட்னா போகும் எக்ஸ்பிரஸ் ரெயில் திருச்சூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கோவை, சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக வடக்கே போகிற ரெயில் அது. நம் ஊர் பாதைதான்.

முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் பரிசோதகர் சோதனை செய்துகொண்டு வந்தார். வாசல் அருகே இருந்த ஒரு வடமாநிலத் தொழிலாளியிடம் டிக்கெட் கேட்டார். முறையான டிக்கெட் இல்லை. வாக்குவாதம் வந்தது.

மறுகணம், பரிசோதகர் ஓடும் ரெயிலில் இருந்து வெளியே தள்ளப்பட்டார்! திருச்சூரை அடுத்த வேளப்பாயா அருகே பக்கத்துத் தண்டவாளத்தில் விழுந்தவர் உயிர் பிழைக்கவில்லை.

கண்ணெதிரே பார்த்த பயணிகள் தகவல் கொடுத்தார்கள். பாலக்காட்டில் ரெயில் நின்றதும் ஒடிசாவைச் சேர்ந்த அந்த ஆள் பிடிபட்டார். அவர் குடிபோதையில் இருந்ததாகப் போலீஸ் தரப்பில் கூறப்பட்டது.

இறந்துபோன பரிசோதகர் மலையாளப் படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவர். ஆசைக்கு நடிப்பு, சோற்றுக்கு ரெயில்வே வேலை. அன்று மாலை அவர் செய்த குற்றம், டிக்கெட் எங்கே என்று கேட்டதுதான்!

கேட்க ஆள் இல்லாத பெட்டி

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரி 6-ந் தேதி ராத்திரி. கோவையில் இருந்து திருப்பதி போகும் இன்டர்சிட்டி ரெயில். பெண்கள் பெட்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். கூட வந்த மற்ற பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள்.

அதே ஜோலார்பேட்டையில் ஒரு ஆண் அந்தப் பெட்டியில் ஏறினான். “இது லேடீஸ் பெட்டி, எறங்குய்யா” என்று சொல்ல அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை.

வண்டி கிளம்பியது. தனியாக இருந்த பெண்ணிடம் அவன் தகாத முறையில் நடந்தான். அவர் போராடினார். கே.வி.குப்பம் அருகே அவரை ஓடும் ரெயிலில் இருந்து கீழே தள்ளிவிட்டான். அந்தப் பெண் படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். வயிற்றில் இருந்த சிசு பிழைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் கோர்ட்டு அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில், கேள்வி கேட்டவர் செத்தார். மற்றதில், கேள்வி கேட்க ஆளே இல்லாததால் ஒரு தாய் தன் பிள்ளையை இழந்தார்.

டி.டி.ஆரைக் கண்டால் எரிச்சல்படுகிற நாம் இதை மறக்கக்கூடாது. அவர் கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்கிறார், நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதில்தான் வம்பு இருக்கிறது.

கறுப்புக் கோட்டும் தப்பு செய்யும்

பயணி மட்டும்தான் முரடன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

2023 ஜனவரி மாதம். மும்பையில் இருந்து பீகாரின் ஜெய்நகருக்குப் போன ரெயிலில் இரண்டு பரிசோதகர்கள் ஒரு பயணியை மேல் பெர்த்தில் இருந்து காலைப் பிடித்து இழுத்து அடித்து உதைத்தார்கள். வேறொரு பயணி அதை செல்போனில் படம் பிடித்தார். ஊரே பார்த்தது. இரண்டு பேரும் சஸ்பெண்டு!

சரியாக ஒரு வருஷம். 2024 ஜனவரியில் பரவுனி-லக்னோ ரெயிலில் ஒரு பரிசோதகர் பயணியின் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். அதுவும் படம் ஆனது. அவரும் சஸ்பெண்டு. இந்த மாதிரி நடத்தையைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று ரெயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவே அறிவித்தார்.

அந்தக் காலத்தில் கறுப்புக் கோட்டு சொன்னதுதான் சாட்சி. இப்போது பெட்டிக்குப் பெட்டி செல்போன். அடித்தால் மறுநாள் தேசம் பார்க்கும். பயணி அடித்தாலும் அதே கதிதான்!

காந்தியும் பார்த்த கூத்து

இந்தத் தகராறு இன்று நேற்று வந்ததல்ல.

1893 ஜூன் 7-ந் தேதி ராத்திரி தென்ஆப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் காந்தி இறக்கிவிடப்பட்டார். தோல் நிறம் ஒன்றே காரணம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று உண்டு. 1917-ம் ஆண்டு காந்தி மூன்றாம் வகுப்பில் பம்பாயில் இருந்து சென்னைக்கு வந்தார். 22 பேர் உட்கார வேண்டிய பெட்டி. அதில் 35 பேர் வரை அடைத்தார்கள். கார்டு வந்தது கூட்டத்தைக் குறைக்க அல்ல, இன்னும் சில பேரை உள்ளே தள்ள!

ரெயிலில் ஐந்தாவது ராத்திரியாக வந்துகொண்டிருந்த ஒரு வியாபாரி இது என்ன நியாயம் என்று கேட்டார். கார்டு அவரை அவமானப்படுத்திவிட்டு, போய்ச் சேருகிற ஊரில் புகார் கொடுத்துக்கொள் என்று சொல்லிப் போய்விட்டார்.

இதையெல்லாம் எழுதிய காந்தி, ரெயில்வேயை மட்டும் திட்டி நிறுத்தவில்லை. கண்ட இடத்தில் துப்புவது, குப்பை போடுவது, அடுத்தவரைப் பற்றிக் கவலைப்படாமல் புகை பிடிப்பது என்று பயணிகளையும் ஒரு பிடி பிடித்தார்.

நூறு வருஷம் தாண்டிவிட்டது. நீராவி போய் மின்சாரம் வந்துவிட்டது. துப்புகிறவர் துப்பிக்கொண்டுதான் இருக்கிறார்!

சட்டம் என்ன சொல்கிறது?

சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் சட்டம் சரியாகத் தெரிவதில்லை. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் என்ன ஆகும்?

138-வது பிரிவின்படி பயணக் கட்டணத்தோடு அபராதமும் கட்ட வேண்டும். அபராதம் அந்தக் கட்டணத்துக்குச் சமம், அல்லது 250 ரூபாய். இதில் எது அதிகமோ அது. குறைந்த வகுப்பு டிக்கெட்டோடு மேல் வகுப்பில் ஏறினால், கட்டண வித்தியாசமும் அபராதமும் கட்ட வேண்டும்.

வேண்டுமென்றே ஏமாற்றினால்?

அது 137-வது பிரிவு. 6 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறந்துபோய் வருகிறவரும் ஏமாற்ற வருகிறவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

டிக்கெட் எடுக்க நேரம் இல்லை. என்ன செய்வது?

ஏறுவதற்கு முன்பே கார்டிடமோ, அதிகாரம் பெற்ற ரெயில்வே ஊழியரிடமோ சொல்லி அனுமதி கேட்க வேண்டும். பிறகு கட்டணம் கட்டுகிறேன் என்ற நிபந்தனையில் அவர் சர்டிபிகேட் கொடுக்க 55-வது பிரிவு இடம் தருகிறது. முன்கூட்டிச் சொல்வது வேறு, பிடிபட்டபின் சொல்வது வேறு!

குடித்துவிட்டு ரகளை செய்தால்?

145-வது பிரிவு. ரெயிலை விட்டு இறக்கிவிடலாம். 6 மாதம் வரை ஜெயில் உண்டு. கெட்ட வார்த்தை பேசினாலும் இதே பிரிவுதான்.

பரிசோதகரை வேலை செய்யவிடாமல் தடுத்தால்?

146-வது பிரிவு. 6 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கை நீட்டினால் விஷயம் இன்னும் பெரிது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை ஜெயில்!

கோபத்தில் சங்கிலியை இழுத்தால்?

அபாய சங்கிலி சண்டைக்கு அல்ல. தக்க காரணம் இல்லாமல் இழுத்தால் 141-வது பிரிவு. ஓராண்டு வரை ஜெயிலுக்கு வழி உண்டு.

“எறங்கு” என்று சொல்ல முடியுமா?

இப்போது அந்தக் கிழவியிடமும் மருமகளிடமும் திரும்பி வருவோம்.

ராத்திரி. ஆம்பிளை துணை இல்லாத பெண்கள். “அடுத்த ஸ்டேஷன்ல எறங்கு” என்கிறார் பரிசோதகர். அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா?

இங்கேதான் 139-வது பிரிவு வருகிறது. பெட்டியில் பாதிப் பேருக்குத் தெரியாத பிரிவு!

முதல் விஷயம், கட்டணமும் அபராதமும் கட்ட மறுத்தால்தான் ஒருவரை இறக்கிவிடலாம். எடுத்த எடுப்பில் இறக்க முடியாது.

இரண்டாவது, மேல் வகுப்பில் இருந்து இறக்கப்பட்டவர், கையில் இருக்கும் டிக்கெட்டுக்கு உரிய பெட்டியில் பயணத்தைத் தொடரலாம். ஜெனரல் டிக்கெட் இருந்தால் ஜெனரல் பெட்டியில் போகலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆண் துணை இல்லாத பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்கிவிடக் கூடாது. அவர் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் - இந்த இடங்களில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும்!

பொட்டல் காட்டு ஸ்டேஷனில், ராத்திரியில், ஒரு பெண்ணை இறக்கிவிட எந்தக் கறுப்புக் கோட்டுக்கும் அதிகாரம் இல்லை. ஜோலார்பேட்டை ஜங்ஷன்தான். திருப்பத்தூர் 2019 முதல் மாவட்டத் தலைநகர்தான். அங்கேயே ஆனாலும் பொழுது விடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. இறக்க முடியாது என்பதால் ஸ்லீப்பர் பெட்டியில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் அல்ல. கட்ட வேண்டிய பணத்தைக் கட்டியே ஆகவேண்டும்.

சீசன் டிக்கெட் சண்டை

மலைவாசிகள் மட்டும்தான் பெட்டி மாறி ஏறுகிறார்களா? இல்லவே இல்லை!

ஜோலார்பேட்டைக்கும் சென்னை சென்டிரலுக்கும் இடையே ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. பக்கத்து மலையின் பெயரைத் தாங்கிய ரெயில். இதுபோன்ற ரெயில்களில் வேலைக்குப் போய் வரும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் ரிசர்வ் செய்தவர்களுக்கும் ஆகாது.

“தினமும் வர்றோம் சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று சீசன்காரர் சொல்வார். “நான் காசு குடுத்து புக் பண்ணிருக்கேன்” என்று ரிசர்வ்காரர் சொல்வார். நடுவில் மாட்டிக்கொள்பவர் டி.டி.ஆர்.

ரிசர்வ் பெட்டியில் சீசன் டிக்கெட் செல்லாது. படித்த குமாஸ்தாவுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் ஏறுகிறார்! எழுதப் படிக்கத் தெரியாத கிழவியிடம் “எறங்கு” என்கிற குரல், பேண்ட் போட்ட சீசன்காரரிடம் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்” என்று இறங்கிவிடுகிறது என்றால், அது என்ன நியாயம்?

கவுண்டரில் வாங்கிய வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுக்கும் இதே கதைதான். அதை வைத்துக்கொண்டு ரிசர்வ் பெட்டியில் ஏறக்கூடாது. ஆன்லைனில் எடுத்தது கடைசி வரை வெயிட்டிங்கில் நின்றால் டிக்கெட்டே ரத்து. பணம் திரும்பி வந்துவிடும். அதோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான்.

நடு பெர்த்தும் தண்ணீர் பாட்டிலும்

அடுத்த தகராறு, தூக்கம்.

நடு பெர்த்தை எப்போது போடுவது? 2017-ல் ரெயில்வே போர்டு நேரத்தைத் திருத்தியது. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கும் நேரம். மற்ற நேரத்தில் கீழ் பெர்த்துக்காரரும் நடு பெர்த்துக்காரரும் சேர்ந்து உட்கார வேண்டும். நோயாளி, ஊனமுற்றோர், கர்ப்பிணி ஆகியோருக்கு மட்டும் மற்றவர்கள் விட்டுக் கொடுக்க வேண்டும்.

2022 ஜனவரியில் இன்னொரு உத்தரவு. 10 மணிக்கு மேல் செல்போனில் சத்தமாகப் பாட்டு வைக்கவோ உரக்கப் பேசவோ கூடாது. கேட்காவிட்டால் ரெயில் ஊழியர்கள் தலையிட வேண்டும்.

விலை தகராறும் உண்டு. 2022 டிசம்பரில் வடக்கே ஒரு ரெயிலில் 15 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 20 ரூபாய்க்கு விற்றார்கள். ஒரு பயணி அதைப் படம் பிடித்துப் புகார் செய்தார். 5 ரூபாய் அதிகம் வாங்கிய காண்டிராக்டருக்கு ரெயில்வே போட்ட அபராதம் எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் ரூபாய்!

அந்தப் பயணி விற்பனையாளரின் சட்டையைப் பிடித்திருந்தால், கேஸ் அவர் மேல்தான் வந்திருக்கும்.

ஒரு கோடி வசூலித்த பெண்

அதட்டினால்தான் வசூல் ஆகும், பெண்களால் இந்த வேலை ஆகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெற்கு ரெயில்வேயிலேயே பதில் இருக்கிறது.

தலைமை டிக்கெட் இன்ஸ்பெக்டர் ரோசலின் ஆரோக்கிய மேரி. டிக்கெட் இல்லாமலும் முறையில்லாமலும் வந்த பயணிகளிடம் அவர் ஒரே ஆண்டில் வசூலித்த அபராதம் 1 கோடியே 3 லட்சம் ரூபாய். ரெயில்வே அமைச்சகமே 2023 மார்ச்சில் அவரைப் பாராட்டி அறிவித்தது.

யாரிடம் சொல்வது?

பெட்டியில் தகராறு வந்தால் 139 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். ரெயில்வே போலீசுக்கு 1512. ரெயில் மதாத் என்ற செயலியிலும் புகார் எழுதலாம். பரிசோதகரின் கோட்டில் பெயர் பட்டை இருக்கும். அதைக் குறித்துக்கொண்டால் போதும். பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாத பணம் ரெயில்வேக்குப் போகாது!

இத்தனையும் அந்தக் கிழவிக்கு எப்படித் தெரியும்? அவளுக்குச் செயலியும் தெரியாது, 139-வது பிரிவும் தெரியாது. பிளாட்பாரத்தில் வண்டி நிற்கிற இரண்டு நிமிடத்தில் “ஜெனரல் பெட்டி முன்னால இருக்குது ஆயா, ஓடுங்க” என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் அவள் அந்தப் பெட்டியிலேயே ஏறியிருக்க மாட்டாள்.

ஏறிவிட்டாள். இப்போது ரெயில் ஓடுகிறது. வெளியே இருட்டு. பரிசோதகர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். “இப்படி உட்காரு ஆயா. அடுத்து வண்டி நிக்கறப்போ ஜெனரல் பெட்டி எதுன்னு நானே காட்டறேன்.”

பக்கத்து சீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் ஒன்றுதான். சண்டைக்கு எழுந்திருக்காமல், அந்த மூட்டையை இறக்க ஒரு கை கொடுக்க வேண்டும்.